வீட்டில் போல் டான்ஸ், இதயத்துக்கும் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போல் டான்ஸ் என்பது செங்குத்தாக நிற்கும் கம்பத்தைப் பிடித்து, சுற்றி ஆடுவது. அதற்காக வீட்டில் கம்பம் மாட்டிப் பழகுகிறவர்களும், மாட்டலாமா என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். அந்தரத்தில் நிற்கும் வித்தைகளைக் கற்றுக்கொள்ள இது உதவாது. கம்பத்தை வைத்து மூச்சையும் இதயத்தையும் எப்படிப் பலப்படுத்துவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. போல் டான்ஸ் நிஜமாவே கார்டியோவா? பார்த்தா கைக்கான பயிற்சி மாதிரிதான் இருக்கு.

கார்டியோதான், அதாவது இதயத்தையும் மூச்சையும் பலப்படுத்தும் பயிற்சிதான், ஆனால் எப்படி ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நன்றாகப் பழகிய பெண்கள் ஒரு மணி நேர வகுப்பில் ஆடும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது, இதயம் எவ்வளவு துடிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 131, செலவான ஆற்றல் சுமார் 280 கலோரி. உழைப்பின் அளவு 4.6 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைப் போல 4.6 மடங்கு. விறுவிறுவென்று நடப்பதும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பலத்துக்காகவும் வித்தைக்காகவும் தனித்தனி அசைவுகளைப் பழகிய பகுதியில் இதயம் குறைவாகவே உழைத்தது. அசைவுகளைக் கோத்து இடைவிடாமல் ஆடிய பகுதியில்தான் கூடுதலாக உழைத்தது. வீட்டில் ஆடும்போதும் இதுதான் கணக்கு: கம்பத்தில் தொங்கும் நேரம் குறைய வேண்டும், கால் ஓயாமல் நகரும் நேரம் கூட வேண்டும்.

2. நான் ரெண்டு தடவை ஏறி இறங்கினாலே மூச்சு வாங்குது. அது போதாதா?

மூச்சு வாங்குவது எல்லாமே கார்டியோ ஆகிவிடாது. கம்பத்தை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் அசையாமல் இறுகி நிற்கின்றன. அந்த இறுக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்படும், ரத்த அழுத்தம் ஏறும், நம்மை அறியாமல் மூச்சையும் அடக்கிக்கொள்வோம். கீழே இறங்கியதும் அந்த மூச்சு மொத்தமாக வெளியே வரும். துடிப்பு ஏறியிருக்கும், ஆனால் அரை நிமிடத்தில் இறங்கிவிடும்.

இதயத்துக்கு வேலை தர வேண்டுமென்றால், தொடை, புட்டம் போன்ற பெரிய தசைகள் நிமிடக்கணக்கில் இயங்கி, ஆக்சிஜன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முன்கை சின்னத் தசை, சீக்கிரமே ஓய்ந்துவிடும். நுரையீரல் களைப்பதற்கு முன்பே கை விட்டுவிடும். வீட்டில் பழகும் பலர் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் இதுதான், உடம்பில் தெம்பு இல்லாததல்ல. கை ஓய்வெடுக்கும்போது கால் ஆட வேண்டும். 7-வது கேள்வியில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

3. வாடகை வீடு. சீலிங்கில் துளை போடாமல் மாட்ட முடியுமா?

முடியும். தரைக்கும் கூரைக்கும் நடுவில் அழுத்தத்தால் நிற்கும் கம்பங்கள் உண்டு. திருகித் திருகி நீளத்தைக் கூட்டி இறுக்கினால் நின்றுவிடும். கூரையில் வட்டமாக ஒரு தடம் விழலாம், வெள்ளையடித்தால் போய்விடும். ஆனால் மேலே இருப்பது கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், ஓட்டுக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பழைய வீடுகளில் மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், இவை எதிலும் அழுத்தக் கம்பம் வைக்கவே கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் அகலமான கனத்த மேடையோடு தானாக நிற்கும் கம்பம்தான் ஒரே வழி. விலையும் அதிகம், இடமும் அடைக்கும்.

வாங்குவதற்கு முன் தரையிலிருந்து கூரை வரை அளந்து பாருங்கள். எக்ஸ்போல் போன்ற நிறுவனங்களின் சாதாரணக் கம்பம் சுமார் 7 அடி 4 அங்குலத்திலிருந்து 9 அடி வரைதான் எட்டும். நம்மூர் வீடுகளில் கூரை பெரும்பாலும் 9 அடிக்கு மேல், 10 அடி கூட இருக்கும். நீட்டிப்புத் துண்டு தனியாக வாங்க வேண்டியிருக்கும். மாட்டியபின் ரசமட்டம் வைத்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஆடத் தொடங்குமுன் பிடித்து உலுக்கி, லேசாகத் தளர்ந்திருந்தாலும் மறுபடி இறுக்குங்கள்.

4. 45, 50 என்கிறார்கள், குரோம், பித்தளை என்கிறார்கள். எதை வாங்குவது?

45, 50 என்பது மில்லிமீட்டரில் கம்பத்தின் தடிமன். புதிதாக வாங்குகிறவருக்கு 45 போதும், பெரும்பாலான பெண்களின் கைக்கு அது அடங்கும். உலோகத்தில் குரோம் மலிவு, பரவலாகக் கிடைக்கும், ஆனால் வியர்வையில் வழுக்கும். பித்தளை நன்றாகப் பிடிக்கும், அதனால் கடலோர ஊர்க்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ பவுடர் கோட்டிங் செய்ததையோ பாருங்கள்.

சுழலும் கம்பமா, சுழலாததா என்ற குழப்பமும் வரும். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும்படியான கம்பமே வாங்குங்கள், ஆனால் கார்டியோவுக்குச் சுழலாத நிலையிலேயே வையுங்கள். அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத்தை உங்கள் கால்தான் தர வேண்டும். கம்பமே சுழன்றால் அந்த உழைப்பு குறைந்துவிடும், தலைச்சுற்றல் மட்டும் மிஞ்சும்.

5. ஹாலில் நடுவில் ஃபேன் இருக்கு. எவ்வளவு இடம் விடணும்?

கம்பத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர், அதாவது 5 அடி காலியாக இருக்க வேண்டும். டீப்பாய், ஷோகேஸ், டிவி எதுவும் அந்த வட்டத்துக்குள் வரக்கூடாது. வழக்கமான ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து 2 அடி நீளும். ஆகவே கம்பத்துக்கும் ஃபேன் மையத்துக்கும் குறைந்தது 7 அடி வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் ஆடும்போது ஃபேனை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனோ பெடஸ்டல் ஃபேனோ வைத்துக்கொள்ளுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்வீட்டுக்குச் சத்தம் போகும். குதிக்கும் அசைவுகளை விட்டுவிட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் ஆடாமல் இருந்தால் பிரச்சினை வராது. குதிக்காமலே துடிப்பை ஏற்றலாம்.

6. ஒண்ணுமே தெரியாது அக்கா. எதில் ஆரம்பிக்கட்டும்?

நடையில். கம்பத்தை ஒரு கையால் தலைக்கு மேல் பிடித்து, முன்பாதத்தில் எழும்பி, கம்பத்தைச் சுற்றி நடங்கள். தோளைக் காதுப்பக்கம் தூக்காமல் கீழே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா அசைவுக்கும் இதுவே அடிப்படை, தோள்மூட்டைக் காப்பாற்றுவதும் இதுதான். திசையை மாற்றி மறுகையால் நடங்கள். பிறகு கம்பத்தை மார்பளவில் பிடித்துக்கொண்டு ஆழமாக உட்கார்ந்து எழுவது, கம்பத்தை ஒட்டி உடம்பை அலை மாதிரி நெளிப்பது, தரையில் இறங்கிக் காலைச் சுழற்றி எழுவது.

இவை கைவந்தபின் ஃபயர்மேன் ஸ்பின். இரு கையாலும் பிடித்து, ஓரெட்டு வீசி வைத்து, இரு முழங்காலாலும் கம்பத்தைக் கவ்விச் சுற்றி இறங்குவது. பெரும்பாலும் எல்லோருக்கும் முதலில் கைவரும் சுற்று இது. இதோடு ஒரு காலை மடித்துக் கம்பத்தில் கொக்கி மாதிரி மாட்டும் ஹூக் ஸ்பின்னும் சேர்ந்தால், மாதக்கணக்கில் கார்டியோ செய்ய உங்களிடம் சரக்கு இருக்கிறது. முதல் சில வகுப்புகளையாவது நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஓர் ஆசிரியரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தோள் சரியாக நிற்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

7. அரைமணி நேரம்தான் கிடைக்கும். அதை எப்படிப் பிரிப்பது?

நான் சொல்லித்தருவது இந்த முறை. முதல் ஆறேழு நிமிடம் உடம்பைச் சூடாக்க. மணிக்கட்டு, தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் சுழற்றிவிட்டு, கம்பத்தைச் சுற்றி மெதுவாகத் தொடங்கி வேகமாக நடங்கள். மணிக்கட்டை அவசரப்படுத்த வேண்டாம். இந்தப் பயிற்சியில் முதலில் வலி கிளம்பும் இடங்களில் அதுவும் ஒன்று.

பிறகு நான்கு நிமிடச் சுற்று. முதல் நிமிடம் வேகமான முன்பாத நடை, இடையிடையே திசை மாற்றி. இரண்டாம் நிமிடம் ஸ்பின்கள், வலம் ஒன்று இடம் ஒன்று, நடுவில் உட்கார்ந்து எழுதல். மூன்றாம் நிமிடம் கம்பத்தைத் தொடவே கூடாது. தரையில் கையூன்றி முழங்காலை மாற்றி மாற்றி மார்புக்கு இழுப்பது, காலை வீசிச் சுழற்றுவது, உருண்டு எழுவது. கை இந்த நிமிடத்தில்தான் மீள்கிறது, துடிப்போ இறங்காமல் நிற்கிறது. நான்காம் நிமிடம் எல்லாவற்றையும் கோத்து ஆடுங்கள்: நடை, ஸ்பின், தரை, எழுந்து மறுபடி நடை. அப்புறம் ஒரு நிமிடம் மெல்ல நடந்து, ஒரு மிடறு தண்ணீர். இப்படி நான்கு சுற்று ஆடினால் இருபது நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம் முன்கை, தோள், தொடையை நீட்டி விடுங்கள்.

ஆரம்பத்தில் இரண்டு சுற்றே போதும். ஸ்பின் இன்னும் வராதவர்கள் இரண்டாம் நிமிடத்தில் உட்கார்ந்து எழுவதை மட்டும் செய்யலாம், பலனில் பெரிய குறை வராது. பாட்டைப் பொறுத்தவரை, நடக்கும்போது கால் தானாகத் தாளத்தில் விழும்படி ஒரு பாட்டு இருந்தால் சரி. குத்துப்பாட்டு இதற்கு அருமையாகப் பொருந்தும்.

8. துடிப்பு எவ்வளவு ஏறணும்? என் வாட்ச் காட்டுவதை நம்பலாமா?

220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் போனால் கடுமையான உழைப்பு. முப்பது வயதுக்காரருக்கு உச்சம் 190, மிதமான எல்லை ஏறக்குறைய 122 முதல் 144 வரை. எண்ணே வேண்டாம் என்றால் பேசிப் பாருங்கள். வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கடுமை.

மணிக்கட்டில் கட்டும் வாட்ச் இந்தப் பயிற்சிக்கு ஏற்றதல்ல. இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் ரத்த ஓட்டம் மாறுவதால் அளவு தப்பாகும், கம்பத்திலும் கீறல் விழும். மார்பில் கட்டும் பட்டை நல்லது. 2-வது பதிலில் சொன்னதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தொங்கும்போது ஏறும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு நிமிடச் சுற்று முழுவதும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

9. சென்னை வெக்கையில் கை வழுக்கிக்கொண்டே போகுது. என்ன செய்யலாம்?

முதலில் எண்ணெய். ஆடும் நாளில் உடம்பில் தேங்காய் எண்ணெய், மாய்ஸ்சரைசர் எதுவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்தால் கை அடிக்கடி அங்கே போகும், ஆகவே அதையும் குளிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள். கம்பத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் காய்ந்த துணியால் துடையுங்கள், பயிற்சி முடிந்தபின் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசும் திரவ சாக் (கை வழுக்காமலிருக்கப் பூசும் வெண்பொடிக் கரைசல்) நன்றாக உதவும்.

இவ்வளவு செய்தும் வழுக்கினால் அன்றைக்கு ஸ்பின்னை விட்டுவிட்டு நடையும் தரையுமாக ஆடுங்கள். அதிகாலையில் ஆடுவது எல்லாவற்றையும் விடச் சுலபமான தீர்வு.

10. ஷார்ட்ஸ் போட்டே ஆகணுமா? வீட்டில் மாமனார் மாமியார் எல்லாரும் இருக்காங்க.

இந்தப் பயிற்சிக்கு அவசியமில்லை. ஏறுவதற்கும், தொடையால் கவ்வி உட்காருவதற்கும்தான் வெறும் தோல் வேண்டும், துணி வழுக்கிவிடும். 7-வது பதிலில் உள்ள நடை, உட்கார்ந்து எழுதல், தரை அசைவு எல்லாவற்றையும் லெகிங்ஸ் போட்டே ஆடலாம். ஃபயர்மேன் ஸ்பின்னில் பிடி கொஞ்சம் குறையும், ஆனால் எடையைத் தாங்குவது கைதான், கால் சறுக்கினாலும் பாதம் தரையில் வந்து நிற்கும். ஒட்டும் தன்மையுள்ள லெகிங்ஸும் விற்கிறார்கள். துப்பட்டா, தொங்கும் சட்டை, சாக்ஸ் மட்டும் கூடாது. வெறுங்கால்தான் பாதுகாப்பு.

11. ரெண்டு ஸ்பின் போட்டதும் தலை சுத்துது, குமட்டுது.

ஒரே திசையில் தொடர்ந்து சுற்றினால் யாருக்கும் வரும். வலம் ஒன்று போட்டால் அடுத்தது இடம். சுற்றும்போது கண் கம்பத்தை ஒட்டியே இருக்கட்டும், முடிந்ததும் எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நில்லுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆடுங்கள், ஆனால் வெறும் வயிற்றிலும் வேண்டாம். இரு பக்கமும் மாறி மாறி ஆடுவதில் இன்னொரு நன்மை, ஒரு தோள் மட்டும் பெருத்து வலிப்பது தவிரும். சும்மா படுத்துத் திரும்பினாலே தலை சுற்றுகிறவர்கள் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

12. இதனால் வெயிட் குறையுமா?

1-வது பதிலில் உள்ள கணக்கை எடுத்துக்கொண்டால், அரைமணிக்கு 140 கலோரி அளவு. மூன்று இட்லியில் அது ஈடாகிவிடும். சாப்பாட்டைக் கவனிக்காமல் இதை மட்டும் நம்பினால் தராசு நகராது. ஆனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறையும், முதுகும் தோளும் உறுதியாகும், தூக்கம் வரும். எடைக்காக ஆரம்பித்து, எடை குறையவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

13. எனக்கு 85 கிலோ, வயசு 48. கம்பம் தாங்குமா? நான் தாங்குவேனா?

நல்ல நிறுவனத்தின் கம்பம் தாங்கும், பெட்டியில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். ஆட்டம் காண்பது பெரும்பாலும் பொருத்திய விதத்தால்தான், அதனால் 3-வது பதிலை மறுபடி படியுங்கள். பிளாஸ்டிக் மூட்டு வைத்த மலிவுக் கம்பங்களை யாரும், எந்த எடையிலும், வாங்க வேண்டாம்.

வயது தடை இல்லை. அமெரிக்காவின் கிரெட்டா பொன்டரெல்லி 59 வயதில் கம்பத்தைத் தொட்டு, மூத்தோர் பிரிவில் உலகப் பட்டங்கள் வாங்கியவர். நீங்கள் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஸ்பின்னுக்கு அவசரப்படாமல் நடையிலும் உட்கார்ந்து எழுவதிலும் சில வாரம் இருங்கள். முழங்கால் வலி இருந்தால் பாதி உட்கார்ந்தால் போதும், கம்பத்தைப் பிடித்திருப்பதால் பாரம் பகிர்ந்துபோகும்.

14. பி.பி. மாத்திரை சாப்பிடுறேன். சுகரும் இருக்கு. ஆடலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். கேட்கும்போது "டான்ஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கையால் இறுக்கிப் பிடித்து உடல் எடையைத் தாங்கும் பயிற்சி என்று சொல்லுங்கள். 2-வது பதிலில் சொன்ன மாதிரி பிடி இறுகும்போது ரத்த அழுத்தம் ஏறும், அது அவருக்குத் தெரிய வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மூச்சை அடக்காமல், தொங்காமல் ஆடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை இறங்கிவிடாமல் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலோடு ஆடுவது ஆபத்து. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழ் அசைவுகளைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கீழே விழும் ஆபத்து ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல. நடைப்பயிற்சி இருக்கிறது, குழந்தை பிறந்தபின் கம்பத்துக்கு வரலாம்.

15. இன்வர்ட் எப்ப கத்துக்கலாம்? வீடியோவில் எல்லாரும் தலைகீழா நிக்கிறாங்களே.

இன்வர்ட் அழகு, அதைக் கற்கும் ஆசையும் நியாயம். ஆனால் கார்டியோவுக்கு அது துளியும் உதவாது, களைத்த கையோடு செய்தால் கழுத்துதான் முதலில் தரையில் படும். அதை வேறொரு நாளில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கனத்த மெத்தை விரித்துப் பழகுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது தரையிலிருந்து கால் அதிக உயரம் போகாதபடியே ஆடுங்கள்.

16. இது கிளப்பில் ஆடுறதுதானேன்னு வீட்டில் கேட்கிறாங்க. என்ன சொல்ல?

உண்மையைச் சொல்லுங்கள். இன்று நாம் ஆடும் பாணி வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் ஆடிய பெண்கள் உருவாக்கியது. ஸ்பின்களில் பலவற்றை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அவர்கள் உழைப்பில்தான் நாம் பயிற்சி செய்கிறோம். பிறகு அது உடற்பயிற்சியாகவும் போட்டி விளையாட்டாகவும் பரவியது. 2017-ல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பேரவை இதற்குப் பார்வையாளர் தகுதி, அதாவது அங்கீகாரத்தின் முதல் படி, கொடுத்தது.

கம்பத்தில் ஏறிப் பயிற்சி செய்வது நமக்கு அந்நியமும் இல்லை. மகாராஷ்டிரத்தில் மல்யுத்த வீரர்கள் பழகிய மல்லர் கம்பம் விழுப்புரத்தில் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கற்றுத்தரப்படுகிறது. அது விளக்கெண்ணெய் தடவிய மரக்கம்பம், நம்முடையது எண்ணெயே ஆகாத உலோகம். இரண்டும் வேறு வேறு மரபு. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆடுவதை ஒருமுறை வீட்டாருக்குக் காட்டினால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

17. வாரத்துக்கு எத்தனை நாள்? இது இருந்தா வாக்கிங்கை விட்டுடலாமா?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. கம்பத்தில் வாரம் மூன்று நாளுக்கு மேல், அதுவும் அடுத்தடுத்த நாளில், ஆரம்பத்தில் வேண்டாம். இதயம் தயாராக இருக்கும், ஆனால் மணிக்கட்டுத் தசைநாண்களுக்கும் உள்ளங்கைத் தோலுக்கும் ஒரு நாள் இடைவெளி தேவை. மூன்று அரைமணி என்றால் 90 நிமிடம், அதிலும் சூடாக்குவதும் நீட்டுவதும் கழிந்தால் இன்னும் குறைவு. மீதியை வாக்கிங்கில் ஈடுகட்டுங்கள், விட வேண்டாம்.

தொடையிலும் கெண்டைக்காலிலும் நீலமாகக் கன்றிப்போவது சகஜம், ஆறிவிடும். முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது, காலையில் கை விரலை மடக்க முடியவில்லை என்றால் ஒரு வாரம் கம்பத்தைத் தொடாமல் நடையும் தரையுமாகவே இருங்கள்.

18. முன்னாடி மாதிரி துடிப்பு ஏறவே மாட்டேங்குது. இனிமே இது பிரயோஜனம் இல்லையா?

இரண்டு காரணம் இருக்கலாம். இதயம் பலப்பட்டிருக்கிறது, அதே வேலைக்குக் குறைவாகத் துடித்தால் போதும். கூடவே அசைவுகள் பழகிவிட்டதால் வீண் உழைப்பும் குறைந்திருக்கிறது. எந்த ஸ்பின்னில் கால் எவ்வளவு வீச வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் கடினமான வித்தைக்குத் தாவுகிறார்கள். அதனால் கைதான் இன்னும் சீக்கிரம் களைக்கும், 2-வது கேள்விக்கே திரும்பிப் போய்விடுவோம். அதே அசைவுகளை வைத்துக்கொண்டு, சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் ஓய்வை ஒரு நிமிடத்திலிருந்து அரை நிமிடமாக்குங்கள். தரைக்கு இறங்கி எழுவதை இரட்டிப்பாக்குங்கள், துடிப்பை அதுபோல் ஏற்றுவது வேறில்லை. அதுவும் பழகிவிட்டால் நாலரை நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்கும் நிற்காமல் ஆட அசைவுகளை வரிசையாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை ஆடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஆடுங்கள். இரண்டாவது முறை ஆடும்போது மூன்றாம் சரணத்தில் துடிப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.